மூச்சா, மணியோசையா, நாக்கா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போகிறேன். அறை என்று சொன்னால் கொஞ்சம் கூடுதல். பழைய ஆய்வகத்தில் பாதியைத் தட்டி வைத்து மறைத்துத் தந்திருக்கிறார்கள், மேலே தகரம். எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் நான் சொல்வது பிள்ளைக்குக் கேட்காது, பிள்ளை சொல்வது எனக்குக் கேட்காது. மொத்தம் 14 பிள்ளைகள், ஆளுக்கு 30 நிமிடம்.

போன மே மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "எல்லா இடத்துலயும் மைண்ட்ஃபுல்னஸ்னு சொல்லுதாங்களே டீச்சர், நம்ம பிள்ளைகளுக்கும் அது நல்லதுதானே? ஒரே ஒரு முறையைச் சொல்லுங்க, ஜூன்ல இருந்து எல்லாருக்கும் ஆரம்பிச்சிருவோம்."

ஒரே ஒரு முறை. ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் நோட்டில் கிறுக்கியதும், அதற்குமுன் நான்கைந்து வருடம் செய்து பார்த்து இடறியதும்தான் இது. இதே கேள்வி உள்ள சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், பெற்றோருக்கு உதவலாம்.

முதலில் சொல்லைப் பற்றி. மைண்ட்ஃபுல்னஸ் என்பதைத் தமிழில் 'தியானம்' என்று சொன்னால் நம் மாவட்டத்தில் வேலை கெட்டது. கத்தோலிக்க வீட்டில் தியானம் என்றால் தவக்காலத்தில் கோயிலில் மூன்று நாள் நடப்பது. இந்து வீட்டில் 'சாமி கும்பிடுறதுதானே, நல்லதுதான்' என்பார்கள். ஒரு இஸ்லாமியத் தகப்பனார், வளைகுடாவிலிருந்து வீடியோ காலில், மிக மரியாதையாகக் கேட்டார்: "இது யோகாவா டீச்சர்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. அதிலிருந்து மதத்தை விலக்கி மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-சின். 1979-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியுள்ள பெரியவர்களுக்காகப் பல வாரத் திட்டமாக அதைத் தொடங்கினார். வலியோடு வந்த பெரியவர்களுக்குத் தைத்த சட்டையை நாம் ஏழு வயதுப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. நான் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் 'கவனிப்பு விளையாட்டு' என்றே சொல்கிறேன். இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பது. விளக்கம் அவ்வளவுதான்.

முறைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் பிள்ளைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'கவனம் இல்ல' என்று என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே காரணத்தால் கவனம் இல்லாதவர்கள் இல்லை. ஒருவனுக்கு உடம்பு ஓரிடத்தில் நிற்காது. ஒருவன் அசையாமல் உட்காருவான், ஆனால் பேசவேண்டும் என்ற பயத்திலேயே மனசு ஓடிக்கொண்டிருக்கும். இன்னொருத்தி அடக்கமாக உட்காருவாள், பயமும் கிடையாது, தன் நாக்கு என்ன செய்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. இன்னும் ஒரு வகை உண்டு. காதில்தான் கோளாறு, கவனத்தில் இல்லை. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளை பாதி நாள் பாதிதான் கேட்கும். அந்தப் பிள்ளையைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது பாவம். சந்தேகம் இருந்தால் முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போய் காதைப் பார்த்துவிட்டு வரட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மூச்சில் தொடங்குவது

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிப்பது. செலவு இல்லை, பொருள் வேண்டாம். இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் நெஞ்சுத் துடிப்பு தணிகிறது என்பது உடலியல், நம்பிக்கை சார்ந்ததில்லை. மத்தியானம் விளையாட்டு மைதானத்திலிருந்து நேரே ஓடிவரும் பிள்ளைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நிமிடத்தில் 5 நிமிடம் என்றால் ஆறில் ஒரு பங்கு. ஒரு பிள்ளைக்கு வருடத்தில் 30 வகுப்பு கிடைக்கிறது என்று வைத்தால் 150 நிமிடம், அதாவது முழுசாக ஐந்து வகுப்பு மூச்சிலேயே போகிறது. புதிய ஒலி ஒன்று நாக்கில் படிய, ஒரே வகுப்பில் நூறு முறையாவது சொல்ல வைக்கப் பார்ப்பவள் நான். அந்த ஐந்து வகுப்பை விட்டுக்கொடுக்க நல்ல காரணம் வேண்டும்.

பெரிய சிக்கல் இன்னொன்று. இது என் சொந்தத் தவறு.

ஆறாம் வகுப்புப் பையன், திக்கல். பேசத் தொடங்குமுன் மெதுவாக மூச்சு இழுத்து விடு என்று பழக்கினேன். என் அறையில் அழகாகச் செய்தான். நானும் மகிழ்ந்தேன். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அவன் வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே வருகைப் பதிவு. அவனுக்கு முந்தின பெயர் வாசிக்கும்போதே தோள் இரண்டும் மேலே ஏறிவிட்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பெயர் வந்தது. பிடித்த மூச்சு வெளியே வரவில்லை. முகம் சிவந்தது. "உ... உ..." என்று முட்டி, கடைசியில் கையை மட்டும் தூக்கினான். 'உள்ளேன் ஐயா' வரவே இல்லை. பின்பெஞ்சில் ஒருவன் அதே மாதிரி தோளைத் தூக்கிக் காட்டினான்.

நான் சொல்லிக்கொடுத்த மூச்சு அவனுடைய திக்கலோடு சேர்ந்து இன்னொரு திக்கலாகியிருந்தது. திக்கிப் பேசுகிறவர்கள் தப்பிக்கப் பிடிக்கும் எந்தத் தந்திரத்துக்கும் இதே கதிதான். கண்ணை இறுக்கி மூடுவது, காலைத் தட்டுவது, வேறு சொல்லுக்குத் தாவுவது, எல்லாம் முதல் வாரம் உதவும், பிறகு அதுவே ஒட்டிக்கொள்ளும். 'நல்லா மூச்சு இழுத்துட்டுப் பேசு மக்கா' என்று வீட்டில் பாட்டி சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும். அந்தப் பாட்டியைத் திருத்தவேண்டிய நானே படிப்பைப் போட்டு அதே தப்பைச் செய்திருந்தேன். மூச்சுக் கவனிப்பு வேண்டுமென்றால் பேச்சுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். வாயைத் திறக்கும் நொடிக்கு முன்னால் கூடவே கூடாது.

செல்போனில் போடும் ஒலிப்பதிவு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் பிடிப்பு இல்லை. பேச்சுத் தமிழ் இல்லாத குரல், 'உங்கள் தோள்களைத் தளர்த்துங்கள்' என்று செய்தி வாசிப்பதுபோல். குறைந்தபட்சம் பிள்ளைக்குச் சொல் புரிய வேண்டும். மொழி வளர்ச்சி பிந்தியதால்தானே அது என்னிடம் வருகிறது?

பின்னணியில் அலையோசை வேறு. ஒருமுறை குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அப்படி ஒன்றைப் போட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "கடல் பெருசா கெடக்கு டீச்சர்" என்றான். அவன் அப்பா தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர், போனால் நாள் கணக்கில் திரும்பமாட்டார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் திரும்பி வராத ஆட்களின் வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். அலையோசை என்றால் ஓய்வு என்பது விடுதியில் அறை எடுத்துக் கடல் பார்க்கிறவர்களின் கணக்கு. அந்தப் பதிவை அன்றே அழித்தேன்.

உடம்பை அசைத்துவிட்டு உட்காருவது

உடம்பு நிற்காத பிள்ளைக்கு 'அசையாம இரு' என்பதுதான் உலகத்திலேயே கடினமான பயிற்சி. முதலிலேயே அதைக் கொடுத்தால் தோல்வியில்தான் தொடங்குவான். சுவரை இரண்டு கையாலும் பத்து எண்ணும்வரை தள்ளச் சொல்லலாம். புத்தகக் கட்டு ஒன்றை ஆசிரியர் அறைவரை தூக்கிக்கொண்டு போய்வரச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது டம்ளர் நடை. குழாயடியில் டம்ளரை விளிம்புவரை நிரப்பி, சிந்தாமல் வராந்தா வழியே என் மேசைவரை கொண்டுவர வேண்டும். ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஓடியே பழகிய கால் தானாக மெதுவாகிறது, நாக்கு நுனி உதட்டோரம் வந்து நிற்கிறது, கண் தண்ணீரைவிட்டு அகலாது. 'கவனி' என்று நான் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கண்ணை மூடுவதும் சும்மா இருப்பதும் தொந்தரவு. உள்ளே நடப்பதைக் கவனி என்றால் எதைச் சொல்கிறோம் என்றே அவர்களுக்குப் பிடிபடாது. கையில் எடை, காலில் தரை, டம்ளரில் தண்ணீர் என்றால் பிடி கிடைக்கிறது. இதன் பலன் அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் நிற்கிறது என்பது என் அனுபவம். அதற்குள் கஷ்டமான வேலையை முடித்துவிட வேண்டும்.

காதால் தேடுவது

ஒரு நிமிடம். எத்தனை சத்தம் கேட்டது, எது தூரம், எது பக்கம் என்று சொல்ல வேண்டும். இதற்கு நம் மாவட்டம் வரம் வாங்கி வந்தது. நாகர்கோவிலில் நான் சாயங்காலம் உட்காரும் இடத்தில், நேரம் சரியாக அமைந்தால், கோயில் மணி, தேவாலய மணி, பாங்கு மூன்றும் சற்று முன்பின்னாக வந்து சேரும். நடுவில் பேருந்து ஹாரன், பக்கத்து வீட்டு மிக்சி. மணி ஒலித்து அடங்கும்வரை கையைத் தூக்கி வைத்திரு, காதில் முழுசாக அடங்கிய பிறகு இறக்கு என்றால் ஆறு வயதுப் பிள்ளைகூட மூச்சை மறந்து கேட்கும்.

மூச்சுப் பயிற்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது எங்கள் வேலையோடு ஒட்டியது. ல, ள வேறுபாட்டைக் காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கேட்பதே பாடம். ஆகவே அந்த ஒரு நிமிடம் வீண் செலவு இல்லை. தகரத்தில் மழை கொட்டும் நாளில் வேறெதுவும் நடக்காது, அன்றைக்கு மழையையே கேட்கிறோம். 'இப்ப கூடுதா, குறையுதா?' அவ்வளவுதான் கேள்வி. சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைக் கொடுப்பதில்லை.

பேச்சுக்குள்ளேயே வைப்பது

எனக்கு மிகவும் பிடித்ததும், செய்யக் கடினமானதும் இதுதான். தனியாகக் கவனப் பயிற்சி என்று ஒன்று கிடையாது. பேச்சுப் பயிற்சியையே கவனிப்பாகச் செய்வது.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வாழைப்பழம் அவளுக்கு 'வாலப்பலம்'. அடக்கமான பிள்ளை, நூறு முறை சொல் என்றால் சொல்லுவாள், நூறும் தப்பாக இருக்கும். ஒருநாள் சொல்ல வைப்பதை நிறுத்தினேன்.

"நாக்கு இப்ப எங்க இருக்கு?"

"வாய்க்குள்ள."

"வாய்க்குள்ள எங்க?"

ரொம்ப நேரம் பதிலே இல்லை. கண் மேலே போயிற்று. தேடுகிறாள். "கீழ படுத்துக் கெடக்கு டீச்சர்."

அடுத்து 'ல' சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னேன். "முன்னாடி ஒட்டுது." 'ள' சொல்லி நிறுத்தினாள். "மடங்கி மேல ஒட்டுது." அடுத்து நான் 'ழ' சொல்லிக் காட்டினேன், அவளும் மெல்ல வளைத்துப் பார்த்தாள். சரியாக வரவில்லை. மறுபடியும். மூன்றாவதோ நான்காவதோ முறை, நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணை அகல விரித்தாள். வாயை மூடின பிறகுதான் சொன்னாள்: "ஒட்டல டீச்சர்... கூசுது."

அதுதான் ழ. நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்துக்குக் கிட்டே போகும், ல, ள போல ஒட்டி அடைக்காது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், நுனிநாக்கு அண்ணத்தை 'வருட' ழகரம் பிறக்கும் என்கிறது. வருடுவது என்ற சொல்லைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, 'கூசுது' தவிர. அன்று அந்தப் பிள்ளை மொத்தம் இருபது முறைதான் ழ சொல்லியிருப்பாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நாக்கைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எது சரி எது தப்பு என்று நான் சொல்லும் முன்னமே அவளே சொல்லத் தொடங்கினாள். பரிசு ஒரு மட்டிப்பழம். புவிசார் குறியீடு கிடைத்த நம்ம ஊர்ப் பழம், பெயரிலேயே ழ இருக்கிறது, சரியாகச் சொன்னால்தான் கிடைக்கும்.

திக்கலிலும் இதற்கு இடம் உண்டு. அமெரிக்கப் பேச்சு சிகிச்சை அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் (1905-1994) வகுத்த முறையில் முதல் படியே, தன் திக்கலைத் தானே அடையாளம் காண்பது. அவரும் திக்கிப் பேசியவர். மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயர் சிகிச்சை அறைக்குள் வருவதற்கு வெகு முன்பே, ஓடாமல் நின்று பார் என்பதை இந்தத் துறை கண்டுகொண்டிருந்தது. மூச்சில் நான் கெடுத்த அந்தப் பையனோடு இதைத்தான் செய்தேன். திக்கும்போது விரலைத் தூக்க வேண்டும். தள்ள வேண்டாம், தப்பிக்க வேண்டாம். இறுக்கம் எங்கே? தொண்டையா, உதடா, நெஞ்சா? பார்த்துவிட்டு மெதுவாக இளக்கு. முதல் நாள் அழுதுவிட்டான். ஒளித்துவைப்பதையே இத்தனை வருடம் தொழிலாகச் செய்தவனிடம் எடுத்துக் காட்டு என்றால் வேறென்ன செய்வான்? மூன்றாம் வாரம், "டீச்சர், 'உ'வுக்கு உதடு இல்ல, தொண்டதான் பூட்டுது" என்று அவனாக வந்து சொன்னான்.

சின்ன வயதில் ஏறக்குறைய நூறில் ஐந்து பிள்ளைகள் சில காலம் திக்குகிறார்கள், பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகிவிடும். ஏறத்தாழ நூறில் ஒருவருக்குத்தான் வளர்ந்தபின்னும் நிற்கிறது. பயம் திக்கலை உண்டாக்குவதில்லை. திக்கல்தான் பயத்தை உண்டாக்குகிறது, பிறகு பயம் அதைப் பெருக்குகிறது. கவனிப்புப் பயிற்சி கை வைக்கக்கூடிய இடம் அந்தப் பயம். திக்கலே போய்விடும் என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்வதில்லை.

இந்த முறைக்குக் குறை? பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். நான் இல்லாத நாளில் வகுப்பாசிரியர் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

வகுப்பு முழுவதும், வீட்டில் தினமும்

தலைமையாசிரியர் மனதில் இருந்தது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாரையும் கண் மூடி நிற்க வைப்பது. இதற்குத்தான் ஆய்வு ஆதாரம் தெளிவாக இருக்கிறது, அது சாதகமாக இல்லை. இங்கிலாந்து பக்கம் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் உள்ள 8,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்து நடந்த 'மிரியட்' என்ற பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வழக்கமான பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னஸ் பாடம் பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதலாக உதவவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. பேச்சு சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளை மட்டும் வைத்த ஆய்வுகள் குறைவு, இருப்பவையும் சிறிய எண்ணிக்கையில். ஆகவே என் பக்கத்துக்கும் பெரிய ஆதாரம் இருக்கிறது என்று நான் மார்தட்டிக்கொள்ளவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே மருந்து என்பது அங்கேயே எடுபடவில்லை என்பது தெரிந்த செய்தி.

வீட்டுப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் காலையில் பத்து நிமிடம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு பையனின் அம்மா காலையிலேயே அண்டியாபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலைக்கு) போய்விடுவார், அப்பா விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்கு. அந்த அம்மாவிடம் தாளை நீட்டியபோது, "எப்ப டீச்சரே செய்ய?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, ராத்திரி மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) உரிக்கும்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து தோலைத் தொட்டுப் பார்த்து, எது சொரசொரப்பு, எது வழவழப்பு என்று சொல்லட்டும் என்றேன். கத்தி அம்மா கையில்தான். 'வழவழ' என்பதில் அவனுக்கு வேண்டிய ழ இரண்டு இருந்தன.

நான் எடுத்த முடிவு

ஒரு வாரம் கழித்துப் போய்ச் சொன்னேன். 14 பேரில் உடம்பு நிற்காத ஐந்து பேருக்கு டம்ளர் நடை, சுவர் தள்ளல். ஒலியில் குழப்பமுள்ள ஆறு பேருக்கு ஒரு நிமிடக் காது விளையாட்டும், பிறகு நாக்கைத் தேடுவதும். திக்கலுள்ள இரண்டு பேருக்கு விரல் தூக்கும் முறை மட்டும், மூச்சு கிடையாது. மீதி ஒரு பிள்ளை முதலில் காது பரிசோதனைக்கு. எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. நான்கு வாரம் பார்ப்பது, பலன் இல்லையென்றால் விட்டுவிடுவது.

பலனை எப்படிப் பார்ப்பது என்பதில் அவருக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. "பிள்ளை அமைதியாயிட்டானான்னு பார்த்தா போதாதா?" என்றார். போதாது. அமைதியான பிள்ளை வகுப்பாசிரியருக்கு வசதி, ஆனால் நான் வந்திருப்பது பேச வைக்க. நோட்டில் இரண்டு கோடு மட்டும் போடுகிறேன். இருபது சொல்லில் எத்தனை சரி, அரைமணியில் எத்தனை முறை நான் 'இங்க பாரு' என்று சொல்ல வேண்டி வந்தது. திக்கல் பிள்ளைகளுக்குத் திக்கலை எண்ணுவதில்லை. வகுப்பில் தானாக வாயைத் திறந்த தடவைகளை எண்ணச் சொல்லி ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வருகைப் பதிவில் பெயர் வாசித்ததும் 'உள்ளேன் ஐயா' என்றுதான் சொல்லியாக வேண்டுமா, கை தூக்கினால் ஆகாதா என்றும் கேட்டேன். யார் எப்படிச் சொன்னாலும் சரி என்று வகுப்பில் அறிவித்துவிட்டார்கள். மூச்சுப் பயிற்சி எதையும்விட அந்த அறிவிப்பு அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு அதிகம் உதவியது என்று நினைக்கிறேன்.

ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கினோம். மூன்றாம் நாளே புகார் வந்தது, பெற்றோரிடமிருந்து இல்லை. வராந்தா முழுக்கத் தண்ணீர், மழை ஈரம் போதாதென்று இது வேறா, யாராவது வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஆயாம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார். இப்போது டம்ளரை முக்கால்வரைதான் நிரப்புகிறோம்.